நீலக் கோடு

மிஷ்கோல்ட்ஸில் நவம்பர். வெளியே மழைதான்.
பனி இப்போதைக்கு விலைப்பட்டியல்களில் மட்டும் பெய்கிறது.
சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு
மூன்று மலைகளை விரித்து வைத்திருக்கிறேன்.
ஒன்று ஸ்லோவாக்கியப் பக்கம்: கிட்ட, மலிவு,
போன வருடம் சரிவெல்லாம் புல்.
ஒன்று ஆஸ்திரியா: பனி உண்டு,
அங்கே ஒரு கிண்ணம் சூப்பின் காசில்
இங்கே நாலு பேர் வயிறு நிறையும்.
மூன்றாவது, லெவெண்டெயின் அலுவலகத்தில் யாரோ சொன்னது.
எந்த நாடு என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

லிஃப்ட் சீட்டுக்கு வயதுவாரியாக விலை.
ஆறுக்குக் கீழே இலவசம்.
அந்தக் கட்டத்தில் ஒரு காலத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்,
என் முழங்கால்களுக்கு நடுவே மாறி மாறி,
மூக்கு ஒழுக.
பிறகு குழந்தை, பிறகு இளையோர்.
ஹங்காவுக்குப் பிப்ரவரி பதினொன்றில் பத்தொன்பது.
பத்தாம் தேதி மாலைவரை இளையோர்.
மறுநாள் காலை கம்பிக் கதவு
அவளைப் பெரியவள் என்று உள்ளே விடும்,
பன்னிரண்டாயிரம் ஃபோரிண்ட் கூட வாங்கிக்கொண்டு.
அதனால் முந்தைய வாரத்தை வட்டமிட்டேன்.
காசுக்காகத்தான்.

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழனாம்.
தோழர்களுக்கு யார் சீட்டு எடுத்துத் தருகிறார்கள்?

பெந்தேவுக்கு வேண்டியவை:
குதிக்க ஒரு மேடு,
ஏழு மணிக்கு யாரும் தட்டாத ஒரு கதவு.
ஹங்காவுக்குத் தனி அறை.
'தனி' என்று அவள் சொன்ன விதத்தில்
வில்மோஷ் என்று ஒரு பையன் நின்றிருந்தான்,
ஸ்னோபோர்டைச் சுவரில் சாய்த்து.
லெவெண்டெ நிமிரவில்லை.
உருளைக்கிழங்கைத் தேவைக்கு மேல்
மெல்லியதாகச் சீவிக்கொண்டிருந்தார்.

கீழ்க் கிடங்கிலிருந்து பூட்ஸ்களைக் கொண்டுவந்தோம்.
பெந்தேவின் பாதம் இப்போது நாற்பத்தாறு.
அப்பாவின் பூட்ஸில் காலை நுழைத்து
"கடிக்குது" என்றான்.
நாலு ஜோடியில் பழைய சொந்தக்காரருக்கே
இன்னும் சரியாக இருப்பது என்னுடையது மட்டும்.

அப்புறம் அவன், வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி,
"ஆஸ்திரியாவில் நீலப் பாதை நீளமா இருக்கா?" என்றான்.

நீலம் சுலபமானவர்களுக்கு.
இவன் மூன்று வருடமாகக் கறுப்பைத் தவிர
வேறெதிலும் இறங்கியதில்லை.
"யாருக்கு?" என்றேன்.
மேசைக்கு அடியில் ஹங்காவின் கால்
அவன் காலை உதைத்தது.
என் காலிலும் கொஞ்சம் பட்டது.

போன முறை பாதிச் சரிவில் உட்கார்ந்துவிட்டேன்.
காட்சி நன்றாக இருக்கிறது, நீங்கள் போங்கள் என்றேன்.
மூடுபனி. காட்சி ஏது?
அதை நம்பிவிட்டார்கள் என்றுதான்
ஒரு வருடமாக நினைத்திருந்தேன்.

"நீங்கள் பிறப்பதற்கு முன்னால்
நான் சிவப்புப் பாதையில் போனவள்" என்றேன்.
"தெரியும்மா."
அந்தத் 'தெரியும்மா' எனக்குப் பிடிக்கவில்லை.

கோபத்தில் கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவினேன்.
திரும்பி வந்தபோது மூன்று தலைகளும்
ஒரே தாளின் மேல்.
ஹங்காவின் நகம் உச்சியில் தொடங்கி
காட்டைச் சுற்றி, ஒரு மரக்குடிலைத் தொட்டு,
அவசரமில்லாத நீலக் கோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.
"எட்டு கிலோமீட்டர்," என்றாள்,
"குடிலில் கேக் கிடைக்குமாம்.
பதினொன்றாம் தேதி அங்கே இருக்கலாமே."
மே மாதம் பள்ளி இறுதித் தேர்வு.
அதற்குப் பிறகு எங்கே என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

வட்டத்தை அழித்து அடுத்த வாரத்தில் போட்டேன்.
பெரியவர்கள் மூன்று, இளையோர் ஒன்று.
வில்மோஷ் அவன் அம்மாவின் செலவு.

கடைசியாக, வாடகைப் பலகைகளுக்கான படிவம்.
பெயர், உயரம், எடை, திறன்.
லெவெண்டெ தன் திறனை யோசிக்காமல் 'தேர்ந்தவர்' என்றார்,
யாரும் சிரிக்கவில்லை.
என் பெயருக்கு நேரே வந்ததும் விரல் தயங்கியது.
பெந்தே என் தோளுக்கு மேலாக எட்டி
'நடுத்தரம்' என்று அழுத்தினான்.
தாராள மனசுக்காரன்.
எடைக் கட்டத்தை மட்டும்
நான் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.